கூடுதல் ஒன்று, பெருக்கல் ஒன்று: இருபடிக் கோவையைக் காரணிப்படுத்துவது எப்படி?

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறு வரை பிள்ளையின் கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவிய அப்பா அம்மாக்கள் பலர், உயர்நிலைக்கு வந்ததும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கட்டம் கட்டமாக மாதிரிப் படம் வரைந்து விடை கண்ட காலம் முடிந்து எழுத்துகள் வந்துவிடுகின்றன. அதிலும் மூன்று நிலைகளில் ஆகக் கடினமான ஜி3 நிலையில் கணிதம் எடுக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் உயர்நிலை 2இல் ‘ஃபேக்டரைசேஷன்’, அதாவது ஒரு கோவையைப் பெருக்கல் வடிவில் பிரித்து எழுதும் காரணிப்படுத்துதல், வரும்போது, வீட்டில் யாருக்கும் அது நினைவில் இருப்பதில்லை. பிள்ளையைக் கேட்டால், “ஏதாவது ரெண்டு நம்பர் போட்டுப் பார்க்கணும், வந்தா வரும்” என்று பதில் வருகிறது.

போட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி என்று நம்பியே நிறையப் பிள்ளைகள் இந்தப் பாடத்தில் மனம் விட்டுப்போகிறார்கள். அந்த நம்பிக்கை சரியல்ல. ஓர் இருபடிக் கோவை, அதாவது தெரியாத எண்ணின் வர்க்கம் வரும் கோவை, தன்னைப் பற்றி இரண்டு செய்திகளை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது: ஒரு கூடுதல், ஒரு பெருக்கற்பலன். இந்த இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டால் காரணிகளும் வரும், மூலங்களும் வரும், காரணிப்படுமா படாதா என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு சின்ன ஏற்பாடு. பள்ளியில் எக்ஸ் என்று எழுதும் இடத்தில் இங்கே ம என்று எழுதுகிறேன். எந்த எழுத்தானாலும் கணக்கு ஒன்றுதான்.

விரிப்பதில் என்ன மறைகிறது

காரணிப்படுத்துவதைப் புரிந்துகொள்ள, முதலில் அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்து பார்க்க வேண்டும். (ம + 3)(ம + 4) என்பதை விரிப்போம். இங்குள்ள பள்ளிகளில் இதற்கு ஒரு பெருக்கல் கட்டம் போடச் சொல்லித் தருகிறார்கள். நல்ல பழக்கம் அது. மேலே ம, 4 என்று இரண்டு நிரல். இடப்பக்கம் ம, 3 என்று இரண்டு நிரை. உள்ளே நான்கு அறைகள் வரும்: ம², 4ம, 3ம, 12. உண்மையில் இது ஒரு செவ்வகம்தான். நீளம் ம + 4, அகலம் ம + 3. நான்கு அறைகளின் பரப்பையும் கூட்டினால் முழுப் பரப்பு கிடைக்கிறது.

ம² + 4ம + 3ம + 12 = ம² + 7ம + 12.

இந்தக் கடைசி வரியில் நடப்பதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். 4ம என்பதும் 3ம என்பதும் சேர்ந்து 7ம ஆகிவிட்டன. 4, 3 என்ற தனித்தனி எண்கள் கண்ணிலிருந்து மறைந்து, அவற்றின் கூடுதலான 7 மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதே எண்கள் இன்னோர் இடத்தில் பெருக்கப்பட்டு 12 ஆக நிற்கின்றன. ஆக, ம² + 7ம + 12 என்ற கோவை நம்மிடம் கேட்பது இதுதான்: கூட்டினால் 7, பெருக்கினால் 12 வரும் இரண்டு எண்கள் எவை?

12ஐ 1 × 12, 2 × 6, 3 × 4 என்று எழுதலாம். கூடுதல்கள் 13, 8, 7. மூன்றாவது பொருந்துகிறது. எனவே விடை (ம + 3)(ம + 4). பெருக்கற்பலனிலிருந்து தொடங்கி, சோடிகளை வரிசையாக எழுதி, கூடுதலைச் சரிபார்ப்பதே நல்லது. கூடுதலிலிருந்து தொடங்கினால் 1 + 6, 2 + 5 என்று ஆரம்பித்து, குறை எண்களும் சேரும்போது பட்டியல் முடியவே முடியாது. பெருக்கற்பலனுக்கோ முழு எண் சோடிகள் சிலவே இருக்கும்.

குறிகள்

மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். ஆனால் குறிகளும் அதே இரண்டு செய்திகளுக்குள் அடக்கம். கடைசி உறுப்பு மிகை எண் என்றால் இரண்டு எண்களுக்கும் ஒரே குறி. அது எந்தக் குறி என்பதை நடு உறுப்பு சொல்லும். கடைசி உறுப்பு குறை எண் என்றால் இரண்டும் எதிரெதிர்க் குறி. அளவில் பெரியது நடு உறுப்பின் குறியை எடுத்துக்கொள்ளும்.

3, 5 என்ற ஒரே சோடியை வைத்துப் பாருங்கள்.

ம² + 8ம + 15 = (ம + 3)(ம + 5)
ம² − 8ம + 15 = (ம − 3)(ம − 5)
ம² + 2ம − 15 = (ம − 3)(ம + 5)
ம² − 2ம − 15 = (ம + 3)(ம − 5)

பிள்ளையிடம் இந்த நான்கையும் கலைத்துக் கொடுத்து, எண்களைத் தேடுவதற்கு முன்னால் குறிகளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். எண் தேடும் பதற்றம் இல்லாதபோது குறி சட்டென்று பிடிபடும். அப்புறம் எண்.

பாடத்தில் தனி விதிகளாக வரும் சிலவும் இதற்குள்ளேயே அடங்கும். ம² − 49இல் நடு உறுப்பு இல்லை, அதாவது கூடுதல் 0, பெருக்கற்பலன் −49. எண்கள் 7, −7. அதனால் (ம + 7)(ம − 7). ம² + 10ம + 25இல் இரண்டு எண்களும் 5. முற்றொருமைகள் எனப்படும் அந்த விதிகளை மனப்பாடம் செய்வது வேகத்துக்கு உதவும். மறந்துவிட்டால் இந்த வழியாகவே மீண்டும் வந்து சேரலாம். இன்னொன்று: பொதுக் காரணி இருந்தால் முதலில் அதை வெளியே எடுத்துவிட வேண்டும். 3ம² − 12 என்றால் 3(ம² − 4), பிறகு 3(ம + 2)(ம − 2).

எண் பெரிதானால்?

ம² + 46ம + 513. இங்கே 513இன் சோடிகளைத் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். துணைப்பாட வகுப்பில் இப்படி ஒன்றைப் பலகையில் எழுதினால், “சார், இதுக்குக் கால்குலேட்டர் எடுத்துக்கலாமா?” என்ற கேள்வி உடனே வரும். வேண்டாம், இப்படிச் செய்யலாம்.

இரண்டு எண்களின் கூடுதல் 46 என்றால் அவற்றின் நடுப்புள்ளி 23. ஓர் எண் 23க்கு மேலே எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, மற்றது அதே அளவு கீழே இருக்கும். அந்தத் தொலைவைத் த என்போம். எண்கள் 23 + த, 23 − த. பெருக்கினால் 529 − த². அது 513 ஆக வேண்டும். ஆகவே த² = 16, த = 4. எண்கள் 27, 19.

சோடி தேடும் வேலையே இல்லை. கூடுதலில் பாதி, அதன் வர்க்கம், கழித்தல், வர்க்கமூலம், அவ்வளவுதான். பழைய பாபிலோனியர்கள் சுமார் 3,700 ஆண்டுகளுக்கு முன் களிமண் பலகைகளில் கூடுதலும் பெருக்கற்பலனும் தந்து எண்களைக் கேட்கும் கணக்குகளை இப்படிப் பாதியாக்கித்தான் தீர்த்தார்கள். 2019இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் போ-ஷென் லோ, இருபடிச் சமன்பாட்டை இந்த வழியில் கற்றுத் தரலாம் என்று எழுதியபோது உலகெங்கும் ஆசிரியர்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த முறை. சின்ன எண்களுக்குச் சோடி தேடுவதே வேகம். எண் பெரிதானாலோ, சோடி பொருந்தவில்லை என்று சந்தேகம் வந்தாலோ இதற்கு மாறிவிடலாம்.

மூலம் என்றால் என்ன

இதுவரை நம் கையில் இருந்தது வெறும் கோவை. அதற்கு ‘விடை’ என்று ஓர் எண் கிடையாது. வடிவத்தை மட்டும் மாற்றினோம். அதை 0க்குச் சமம் என்று எழுதும்போதுதான் சமன்பாடு ஆகிறது. ம எந்த எண்ணாக இருந்தால் கோவையின் மதிப்பு 0 ஆகும்? அந்த எண்களே மூலங்கள். கோவையைக் காரணிப்படுத்து என்ற கேள்விக்குக் கீழே ம = 3 என்று எழுதி முடிக்கும் பிள்ளைகள் உண்டு. கேள்வித்தாளில் சமக்குறி இருக்கிறதா என்று முதலில் பார்க்கப் பழக வேண்டும்.

ம² − 8ம + 15 = 0 என்று எடுப்போம். இந்த வடிவத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் மூலங்கள் தெரியாது. (ம − 3)(ம − 5) = 0 என்று எழுதியதும் தெரிந்துவிடும். காரணம், பூஜ்யத்துக்கு மட்டும் உள்ள ஒரு குணம்: இரண்டு எண்களைப் பெருக்கி 0 வந்தால், அவற்றில் ஒன்றாவது 0 ஆக இருந்தே தீர வேண்டும். ஆகவே ம − 3 = 0 அல்லது ம − 5 = 0. மூலங்கள் 3, 5.

காரணியில் −3, மூலத்தில் +3 என்று குறி ஏன் மாறுகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். “மாத்திப் போடணும்” என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. ம − 3 பூஜ்யமாக வேண்டும் என்றால் ம 3 ஆக இருக்க வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் ஒரு வரியாக எழுத வைத்தால் குறிப் பிழை தானாகவே நின்றுவிடும்.

பூஜ்யத்தின் இந்தக் குணம் வேறெந்த எண்ணுக்கும் இல்லை. (ம − 3)(ம − 5) = 8 என்று ஒரு கணக்கு வந்தால், ம − 3 = 8, ம − 5 = 8 என்று எழுதி 11, 13 என்று விடை சொல்பவர்கள் ஏராளம். 11ஐப் போட்டுப் பாருங்கள்: 8 × 6 = 48. பெருக்கற்பலன் 8 என்றால் 2 × 4 இருக்கலாம், 1 × 8 இருக்கலாம், பின்னங்களாகவும் இருக்கலாம். அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. சரியான வழி, விரித்து, எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, மறுபக்கம் 0 ஆக்குவது: ம² − 8ம + 7 = 0, அதாவது (ம − 1)(ம − 7) = 0. மூலங்கள் 1, 7. சரிபார்த்தால் (−2) × (−4) = 8, 4 × 2 = 8. இரண்டும் பொருந்துகின்றன.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை: ம² = 6ம என்பதை இரு பக்கமும் ம-ஆல் வகுத்து ம = 6 என்று முடிப்பது. ம பூஜ்யமாக இருக்கலாம் அல்லவா? பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது. ம² − 6ம = 0, ம(ம − 6) = 0 என்று எழுதினால் 0, 6 என இரண்டு மூலங்களும் நிற்கும்.

தோட்டப் பாத்தி: முன்னால் எண் வந்தால்

தேசியப் பூங்காக் கழகம் நம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திகளைப் பார்த்திருப்பீர்கள். வெண்டை, கீரை, கறிவேப்பிலை என்று நம்மவர்களும் போடுகிறார்கள். தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய செவ்வகம், 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். இந்த அளவுகள் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். சுற்றி அளந்தால் 7 மீட்டர், பரப்பு 2.5 சதுர மீட்டர் என்பது மட்டும் தெரியும். பக்கங்களைக் கண்டுபிடிக்க முடியுமா?

சுற்றளவில் பாதி, நீளமும் அகலமும் சேர்ந்தது: 3.5. பரப்பு அவற்றின் பெருக்கற்பலன்: 2.5. மீண்டும் அதே இரண்டு செய்திகள். ஒரு பக்கம் ம என்றால் மற்றது 3.5 − ம. ம(3.5 − ம) = 2.5. மாற்றி எழுதினால் ம² − 3.5ம + 2.5 = 0. தசமம் போக இரண்டால் பெருக்குவோம்:

2ம² − 7ம + 5 = 0.

இப்போது ம²க்கு முன்னால் 2 நிற்கிறது. பிள்ளைகள் திணறும் வகை இது. செய்ய வேண்டியது: முதல் கெழுவையும் (ம²க்கு முன்னால் நிற்கும் எண்) கடைசி எண்ணையும் பெருக்குங்கள், 2 × 5 = 10. பெருக்கினால் 10, கூட்டினால் −7 வரும் எண்கள் −2, −5. நடு உறுப்பை அப்படியே இரண்டாகப் பிரியுங்கள்:

2ம² − 2ம − 5ம + 5
= 2ம(ம − 1) − 5(ம − 1)
= (ம − 1)(2ம − 5)

ம = 1 அல்லது ம = 2.5. நாம் ம என்றது ‘ஒரு பக்கம்’ என்பதைத்தான். அது நீளமா அகலமா என்று சமன்பாட்டுக்குத் தெரியாது. அதனால் இரண்டையும் தந்துவிட்டது.

ஏன் 2ஐயும் 5ஐயும் பெருக்கினோம்? திரும்பவும் பெருக்கல் கட்டத்தைப் போடுங்கள். ஒரு மூலைவிட்டத்தில் 2ம², 5. இன்னொன்றில் −2ம, −5ம. இரு மூலைவிட்டங்களின் பெருக்கற்பலனும் 10ம². எந்தக் கட்டத்திலும் இது சமமாகவே இருக்கும், ஏனென்றால் இரண்டிலும் பெருக்கப்படுவது ஓரத்தில் எழுதிய அதே நான்கு உறுப்புகள்தான். இந்தச் சமத்துவமே முறையின் உயிர். பள்ளியில் குறுக்குப் பெருக்கல் முறையும் சொல்லித் தருவார்கள். கைபழகியவர்களுக்கு அது வேகமானது. ஆனால் அதில் போட்டுப் பார்ப்பது கொஞ்சம் மிச்சமிருக்கும். தொடக்கத்தில் நடு உறுப்பைப் பிரிக்கும் வழியையே நான் பரிந்துரைப்பேன், ஒவ்வொரு அடிக்கும் காரணம் சொல்ல முடிவதால்.

விடையைச் சரிபார்க்கவும் கூடுதல், பெருக்கல் போதும். மூலங்களின் கூடுதல் என்பது நடுக் கெழுவைக் குறி மாற்றி முதல் கெழுவால் வகுத்தது: 7 ÷ 2 = 3.5. பெருக்கற்பலன் என்பது கடைசி எண்ணை முதல் கெழுவால் வகுத்தது: 5 ÷ 2 = 2.5. பாத்தியின் பாதிச் சுற்றளவும் பரப்பும் அப்படியே திரும்பி வந்துவிட்டன. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சுக் கணிதர் பிரான்சுவா வியத்தின் பெயரால் இந்தத் தொடர்பு அறியப்படுகிறது. இதன் அழகு, மூலங்களைக் காணாமலே அவற்றைப் பற்றிப் பேச முடிவது. பாத்தியின் மூலைவிட்ட நீளம் வேண்டுமா? மூலங்களின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும். அது கூடுதலின் வர்க்கத்திலிருந்து பெருக்கற்பலனின் இரு மடங்கைக் கழித்தது: 12.25 − 5 = 7.25. 2.5² + 1² என்றாலும் 7.25தான். அதன் வர்க்கமூலம், ஏறத்தாழ 2.69 மீட்டர்.

காரணிப்படாதவை

ம² − 4ம + 1 = 0. கூடுதல் 4, பெருக்கற்பலன் 1. நடுப்புள்ளி 2; 4 − த² = 1, த² = 3. மூலங்கள் 2 + √3, 2 − √3. மூலங்கள் இருக்கின்றன, ஆனால் முழு எண்களில் காரணிப்படாது. ம² − 4ம + 5 = 0 என்றால் த² = −1. எந்த மெய்யெண்ணின் வர்க்கமும் குறை எண் ஆகாது. எனவே மெய் மூலங்களே இல்லை.

பாத்தியில் இதை நேரே பார்க்கலாம். சுற்றளவு 7 மீட்டர் மாறாமல் பரப்பு 4 சதுர மீட்டர் வேண்டும் என்றால் முடியுமா? கூடுதல் 3.5 உள்ள இரு பக்கங்களின் பெருக்கற்பலன் மிகப் பெரிதாவது, இரண்டும் சமமாக இருக்கும்போது: 1.75 × 1.75 = 3.0625. அதற்கு மேல் போகவே முடியாது. ஏ மேத்ஸில் (கூடுதல் கணிதத்தில்) தன்மைகாட்டி என்று படிப்பது இதைத்தான்: நடுக் கெழுவின் வர்க்கத்திலிருந்து, முதல் கெழுவையும் கடைசி எண்ணையும் பெருக்கியதன் நான்கு மடங்கைக் கழிப்பது. குறை எண் வந்தால் மெய் மூலம் இல்லை. 0 வந்தால் இரு மூலங்களும் ஒன்றே. கெழுக்கள் முழு எண்களாக இருந்து முழு வர்க்கம் வந்தால் முழு எண்களில் காரணிப்படும். 2ம² − 7ம + 5க்கு 49 − 40 = 9, முழு வர்க்கம்.

எந்த இருபடிச் சமன்பாட்டையும் தீர்க்கும் பொதுச் சூத்திரத்துக்குப் போகும் வழிகளில் எனக்குப் பிடித்தது இந்தியக் கணிதர் ஸ்ரீதரருடையது. அவர் அதை எழுதிய நூல் கிடைக்கவில்லை; 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் மேற்கோள் காட்டியதால் நமக்குத் தெரிகிறது. முதல் கெழுவின் நான்கு மடங்கால் சமன்பாட்டைப் பெருக்கு என்கிறார். 2ம² − 7ம + 5 = 0க்கு அது 8. 16ம² − 56ம + 40 = 0. இரு பக்கமும் 9 கூட்டினால் (4ம − 7)² = 9. எனவே 4ம − 7 = 3 அல்லது −3. ம = 2.5 அல்லது 1. நடுவில் பின்னமே வராத வழி.

கால்குலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. மூலங்களை அதில் கண்டு, பின்னோக்கிக் காரணிகளை எழுதும் பழக்கம் இங்கு பரவலாக இருக்கிறது. 1, 2.5 என்று திரையில் வந்ததும் 2ம² − 7ம + 5 = (ம − 1)(ம − 2.5) என்று எழுதிவிடுவார்கள். விரித்துப் பாருங்கள், முதல் உறுப்பு ம² ஆகத்தான் வரும்; முன்னால் இருந்த 2 காணாமல் போயிருக்கும். மூலங்கள் ஒன்றாக இருந்தாலும் கோவை வேறு. 2(ம − 1)(ம − 2.5) என்றோ (ம − 1)(2ம − 5) என்றோ எழுத வேண்டும். அதோடு, செய்முறை காட்டாமல் விடை மட்டும் எழுதினால் தேர்வில் மதிப்பெண் போகும்.

இன்று மாலையே பிள்ளையோடு உட்கார்ந்து செய்து பார்க்க நான்கு கோவைகள்: ம² + 11ம + 24, ம² − ம − 42, 6ம² + ம − 2, ம² + 2ம + 6. முதல் மூன்றின் விடைகள்: (ம + 3)(ம + 8), (ம − 7)(ம + 6), (2ம − 1)(3ம + 2). நான்காவது காரணிப்படாது. ஏன் என்று பிள்ளை கூடுதலையும் பெருக்கலையும் வைத்து உங்களுக்கு விளக்கட்டும்.